புதுப்பிப்பு: நாணயங்களின் அடர்த்தியைத் தராசால் அளத்தல்

பழைய நாணயங்களைச் சுரண்டாமல், அடர்த்தியைக் கொண்டே அவற்றின் உலோகத்தை அறிவது எப்படி என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். அளவுக் குவளையில் ஒற்றை நாணயம் நீர்மட்டத்தைக் கண்ணுக்குத் தெரியுமளவு உயர்த்துவதில்லை என்பதே அப்போதைய சிக்கல். தங்கசாலைத் தெருவில் வாங்கிய, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு அதைத் தீர்த்துவிட்டது. தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கவிட்டால், கூடுதலாகக் காட்டும் கிராம் அளவே கன சென்டிமீட்டரில் நாணயத்தின் கன அளவாகும். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

ஆங்கிலேயர் காலத்து 11.66 கிராம் வெள்ளி ரூபாய்களில்தான் இம்முறையின் அருமை தெரிகிறது. 1940-க்கு முந்தைய, 91.7 விழுக்காடு வெள்ளி கொண்ட ரூபாயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.3 கிராம், 1940-களில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட ரூபாய்க்கு அது சுமார் 9.5. கையில் ஒன்றுபோல் கனக்கும் இவ்விரண்டும் தண்ணீரில் மூழ்கும்போது தராசில் 1.13, 1.22 கிராம் எனப் பிரிந்துவிடுகின்றன. விளிம்பு வரிகளில் ஒட்டிக்கொள்ளும் சிறு காற்றுக் குமிழ்கூட இந்த வேறுபாட்டைக் கெடுத்துவிடும் என்பதால், தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் கலப்பது மிக அவசியம்.

அலுமினியப் பத்துப் பைசா (2.7), துருப்பிடிக்காத எஃகு ரூபாய் (7.7) ஆகியவற்றை அடையாளம் காண்பது எளிது. செம்பு நிக்கல் கலவையும் தூய நிக்கலும் 8.9-ஐ ஒட்டியே நிற்பதால், அங்கே காந்தம்தான் வழி: 1950-களின் நிக்கல் ரூபாய் ஒட்டும், பின்னாளைய செம்பு நிக்கல் ரூபாய் ஒட்டாது.