நோவாவின் பேழை தண்ணீரில் ஊறிப்போகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வேதாகமக் கதைகளைப் பிள்ளைகளை வைத்துச் செய்யவிட்டே வீட்டில் சொல்லித்தருகிறேன். இப்போது நோவாவின் பேழையில் (பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா மிருகங்களோடு ஏறிய கப்பல்) மாட்டிக்கொண்டேன்.

ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் 300 முழ நீளம், 50 அகலம், 30 உயரம் என்று இருக்கிறதே, அதே கணக்கில் 60 செ.மீ., 10, 6 என்று மூத்தவளே (9 வயது) அட்டைப்பெட்டியை அளந்து வெட்டினாள். மூன்று தட்டும் உண்டு. தொட்டியில் விட்டால் முதலில் ஜம்மென்று மிதக்கிறது. பொம்மை மிருகங்களை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அடி மடிப்பில் ஈரம் ஏறி, அட்டை உப்பி, ஒரு பக்கமாகச் சாய்கிறது. முதலில் விழுவது யானைதான்.

வெள்ளைப் பசை தடவிக் காயவைத்தோம். தண்ணீர் பட்டதும் பாலாகக் கரைந்தது. மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினால் மடிப்பில் விரிசல். செலோடேப் உரிந்துவிட்டது. பாலித்தீன் கவர் சுற்றலாம்தான், ஆனால் உள்ளும் புறம்பும் கீல் (தார் போன்ற பூச்சு) பூசச் சொல்லித்தான் வசனம் இருக்கிறது என்று இரண்டும் ஒற்றைக்காலில் நிற்கின்றன. தார் வேண்டாம், சின்னவன் (5 வயது) கையை வாயில் வைப்பான்.

நாகர்கோவில் கடைகளில் கிடைக்கிற, பிள்ளைகளே பூசக்கூடிய, அட்டையை ஒரு மணி நேரமாவது நனையாமல் காக்கிற பூச்சு எது?