மறுமொழி: 'பாய்மக் கட்டமைப்பு இடைவினை' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை டிப்ளமோ பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஓடும் திரவமோ வாயுவோ, அது தொடும் திடப்பொருளோடு ஒன்றையொன்று பாதிப்பதை ஆங்கிலத்தில் fluid–structure interaction என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பாய்மக் கட்டமைப்பு இடைவினை' என்பது போதுமா என்பதுதான் கேள்வி. அது பற்றி நேற்று வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

'பாய்மம்' பற்றிப் பிரச்சினை இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வருகிறார்கள், திரவம் வாயு இரண்டும் அதில் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்லும் 'பாயி' இன்னும் சின்னச் சொல்தான், ஆனால் பழகிய சொல்லை இப்போது மாற்ற வேண்டாம்.

சிக்கல் அடுத்த சொல்லில். 'கட்டமைப்பு' என்றதும் மாணவர் கண்ணுக்கு வருவது பாலமும் கட்டடமும். நாம் சொல்வதோ ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்குள் வால்வாக இருக்கும் எஃகு நாக்கு. போன வாரம் ஓடாத கம்ப்ரஸர் ஒன்றை அறுத்துக் காட்டினேன். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, நகத்தால் தூக்கி விட்டால் 'டிக்'கென்று திரும்பி உட்காருகிறது. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைய, நாக்கு வளைந்து வாயுவுக்கு வழி விடுகிறது. எவ்வளவு வளைந்ததோ அதைப் பொறுத்து வாயுவின் ஓட்டம் மாறுகிறது, மாறிய ஓட்டம் மறுபடி நாக்கை வளைக்கிறது, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் கம்ப்ரஸரில் இது விநாடிக்கு ஏறத்தாழ 50 தடவை நடக்கிறது. வாயுவைத் தனியே, தகட்டைத் தனியே கணினியில் போட்டால் நாக்கு எப்போது திறக்கும், எப்போது அடைக்கும் என்பதே தப்பாக வரும்.

கட்டமைப்புக்குப் பதில் 'நெகிழ்பொருள்' என்று அக்கா எழுதியிருந்தார். நெகிழி பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டதே அக்கா! 'வளைபொருள்' என்றால் வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்துக்கும் பொருந்தும், டிரம்முக்குள் தண்ணீரோடு புரளும் வேட்டிக்கும் பொருந்தும்.

அப்புறம் 'இடைவினை'. ஒன்றை ஒன்று மாற்றுகிறது என்பது அதில் எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் 'புணர்வு' என்கிறேன். இலக்கணத்தில் இரண்டு சொல் சேர்வதைப் புணர்ச்சி என்கிறோமே, அதுபோல. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், நிலைமொழி (முதல் சொல்) மட்டும் திரிகிறது. கண்ணும் நீரும் கண்ணீர், அங்கே வருமொழி (அடுத்த சொல்) மட்டும். பொன்னும் தாமரையும் பொற்றாமரை ஆகும்போது இரண்டுமே திரிகின்றன. தடித்த இரும்புக் குழாயில் போகும் தண்ணீர் ஒருவழிப் புணர்வு. குழாயைத் தண்ணீர் அழுத்தும், ஆனால் அது விரிவது ஓட்டத்தை மாற்றும் அளவுக்கு இராது. கம்ப்ரஸர் நாக்கு இருவழிப் புணர்வு. இதற்குமேல் தெளிவாக வகுப்பில் எப்படிச் சொல்வது?

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் இதழான சீவாளியை இழுத்துவந்த தஞ்சாவூர் நண்பருக்கு நன்றி. அந்தச் சொல்லுக்கு வேர் தேடிச் 'சீவு' வரை கொண்டுபோனதும், அதிலிருந்து எல்லா வால்வுக்கும் பெயர் வைக்கப் பார்த்ததும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் காற்று இதழைத் துடிக்கவைக்க, இதழ் காற்றை விட்டு விட்டு அனுப்புகிறது என்பதால் எடுத்துக்காட்டு அருமை, பாடத்தில் சேர்த்துவிட்டேன்.

புணர்வு என்றால் வகுப்பு சிரிக்கும் என்கிறார் பேராசிரியர் ஐயா. இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தாமலா இருக்கிறோம், ஐயா? இருந்தாலும் ஆறேழு பேர் இடைவினை பக்கம் நிற்கிறீர்கள். சரி, தலைப்பில் 'பாய்ம–வளைபொருள் இடைவினை' என்றே போடுகிறேன். உள்ளே ஒருவழிப் புணர்வு, இருவழிப் புணர்வு அப்படியே இருக்கும், அதை எடுக்க மாட்டேன். வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.