பழைய சவரக்கத்திக்கு வயசு பார்ப்பது: கைக்கு வந்த கத்திகளும் அதில் கண்டதும்

கும்பகோணத்திலிருந்து

பழைய பாத்திரக் கடையிலோ பரண் சாமானிலோ மடக்குச் சவரக்கத்தி கிடைத்தால் உடனே தேய்க்காதீர்கள். வயசைச் சொல்லும் எழுத்து, அலகுக்கும் வாலுக்கும் (விரல் வைக்கும் பின்நீட்டம்) நடுவே உள்ள கழுத்தில் இருக்கிறது. அது அரை மில்லி ஆழம்கூட இருக்காது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் துருவுக்கு அடியிலும் படிக்கலாம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இன்னும் தெளிவாக விழும்.

இங்கே வந்த ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் 'வி', கிரீடம், 'ஆர்', கீழே 'ஷெஃபீல்ட்' (கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர்). விக்டோரியா முத்திரை, ஆகவே 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. அலகைப் பார்த்தால் இரு பக்கமும் குடைவே இல்லாமல் ஆப்பு மாதிரி கனம். நன்றாகக் குடைந்த மெல்லிய அலகு 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவியது. எனவே இதை அந்த ஆட்சியின் முன்பகுதிக்குத் தள்ளலாம். ஆனால் பிடியோ தந்த நிறத்தில் செல்லுலாய்டு. செல்லுலாய்டே 1870 வாக்கில்தான் சந்தைக்கு வருகிறது. ஆணியைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: ஒரு பக்கம் வாஷரோடு பித்தளை, மறுபக்கம் சாதாரண இரும்பாணி. பிடி பிறகு மாட்டியது. அலகும் கழுத்தும்தான் சாட்சி. பிடியை நம்பித் தேதி போட்டால் முப்பது, நாற்பது வருஷம் தவறும்.

'ஜி.ஆர்.' இருந்தால் கவனம். நான்காம் ஜார்ஜ் 1820–30, ஐந்தாம் ஜார்ஜ் 1910–36. எழுத்து ஒன்றுதான், கத்தி ஒன்றல்ல. குட்டை வாலும் கனத்த ஆப்பு அலகும் என்றால் முன்னவர் காலம். நீண்டு வளைந்த வாலும் குடைவும் என்றால் பின்னவர். 18-ஆம் நூற்றாண்டுக் கத்தியில் வால் துண்டாக நின்றுவிடும், விரல் வைக்க இடமே இராது.

திருவாரூரிலிருந்து

மேலே சொன்னதோடு ஒரு திருத்தம், நம் ஊரில் பலரும் சறுக்கும் இடம். "வெறும் ஷெஃபீல்ட், இங்கிலாந்து இல்லை, ஆகவே 1891-க்கு முந்தையது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்தக் கணக்கு அமெரிக்காவின் 1890-ஆம் வருஷத்து மெக்கின்லி சுங்கச் சட்டத்தை ஒட்டியது. அங்கே இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்த சரக்கை அது கட்டாது. 'இங்கிலாந்து' இருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பின். இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஜெர்மன் கத்திக்கு வேறு கணக்கு. ஆங்கிலப் பெயரைப் போட்டு விற்ற ஜெர்மன் சரக்கைக் குறிவைத்து பிரிட்டனில் 1887-லும், இந்தியாவில் 1889-லும் வணிகக் குறிச் சட்டம் வந்தது. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு 1938-ல். 'மேற்கு ஜெர்மனி' இருந்தால் 1949-க்குப் பின், 1990-க்குள். இதில் குழப்பமே இல்லை.

ஷெஃபீல்டின் பேர்போன கத்திக் கம்பெனியான ராட்ஜர்ஸ் (Rodgers) பெயரில் போலி நிறைய. எழுத்துக்கூட்டலில் 'டி' (D) விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் கூர்மையாக விழுந்திருக்க வேண்டும்.

காரைக்காலிலிருந்து

1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் இது. 'ஆசியே ஃபோன்டூ' என்ற எழுத்தைப் பார்த்தால் மிரள வேண்டாம், வார்ப்பு எஃகு என்பதன் பிரெஞ்சு.

கடலோரத்தில் தேதியைவிடத் துருதான் பெரிய பாடு. செந்துரு வேறு, கருமை வேறு. கருமை அலகைக் காக்கும், விட்டுவிடலாம். செந்துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தடவி ஓரிரவு ஊற வையுங்கள். பிறகு அலகைப் பலகையில் தட்டையாகக் கிடத்தி, மிக நைசான இரும்புக் கம்பளியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் நோக்கி மட்டும் தேயுங்கள். எதிர்த்திசையில் வந்தால் விரல் போகும். அப்படியும் போகாத இடத்துக்கு 1000, பிறகு 2000 நம்பர் தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). எழுத்து உள்ள கழுத்தில் தாளே படக் கூடாது.

குத்துவிளக்குக்குப் புளி போடுகிற கையோடு கத்திக்கும் போட்டுவிடுகிறார்கள். பித்தளைக்குச் சரி. எஃகை அந்தப் புளிப்பு அரித்துச் சாம்பல் திட்டாக்கும், பொறித்த எழுத்தும் மங்கும். அதைவிட மோசம் பட்டறையில் மிஷின் சக்கரத்தில் கொடுப்பது. மெல்லிய வாய் சில நொடியில் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும், எஃகு முதலில் வைக்கோல் நிறமும் பிறகு நீலமும் காட்டும், அத்தோடு பதம் போச்சு. பளபளவென்று இருக்கும், ஆனால் தீட்டினாலும் கூர் நிற்காது.

செல்லுலாய்டைக் கண்டுபிடிக்கச் சூடான ஊசி வேண்டாம், குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள் அது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். கெட்டுப்போகத் தொடங்கினால் ஆணியைச் சுற்றிப் பச்சை பூக்கும், பிடி மூடியிருந்த அளவுக்கே அலகில் துரு ஏறும். அதிலிருந்து கசியும் அமில வாயுதான் காரணம். அந்தக் கத்தியை மற்றவற்றோடு வைத்தால் பக்கத்துக் கத்தியும் போகும். ஆணியின் தட்டையான தலையை அரத்தால் அராவி எடுத்து, அலகையும் பிடியையும் தனித்தனியே, காற்றோட்டமாக வையுங்கள். திரும்பப் பூட்ட 1.6 மில்லி பித்தளைக் கம்பி போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் உறைக்குள் விட்டுவைக்கக் கூடாது. தோல் ஈரத்தைக் குடித்து எஃகுக்கே திருப்பித் தரும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். மிஷின் எண்ணெய் ஒரு துளி, மெழுகுத்தாள், ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்.

மயிலாடுதுறையிலிருந்து

தந்தப் பிடி என்று யாராவது விலை சொன்னால் முதலில் கோடுகளைப் பாருங்கள். அசல் யானைத் தந்தத்தில் குறுக்குவெட்டு முகத்தில் கோடுகள் வலைபோல் ஒன்றையொன்று வெட்டும். செல்லுலாய்டில் நேர்கோடுகள் இணையாக ஓடும். அசலாக இருந்தால் வாங்கவே கூடாது: 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, 1991 திருத்தத்தில் ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்ந்துவிட்டது. ஆமை ஓட்டுப் பிடிக்கும் இதே கதி.

தஞ்சாவூரிலிருந்து

விலை பேசுமுன் ஒரு ஸ்கேல் போதும். அகலத்தை அடிப்பக்கமும் மூக்குப்பக்கமும் அளந்து பாருங்கள். எட்டில் ஐந்து அங்குலக் கத்தி, அதாவது ஏறக்குறைய 16 மில்லி, மூக்கில் 13 மில்லி காட்டினால் தவறான சாணை பிடித்தே தேய்த்திருக்கிறார்கள். முதுகில் இரு பக்கமும் பட்டையாக மழுங்கியிருந்தாலும் அதே கதைதான். வாயிலிருந்து ஒன்றிரண்டு மில்லிக்குள் துருக்குழி இருந்தால் தீட்டும்போது அந்த இடம் பொரிந்து போகும். அடிப்பக்க மூலையில் மயிரிழை விரிசல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அலகில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், விரிசலில் தங்கிய எண்ணெய் கோடாக மினுங்கும். அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம், கன்னத்தில் வைக்க வேண்டாம்.