கத்தார் உலகக் கோப்பையை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி. சவூதியில் நடக்கவிருக்கும் 2034 கால்பந்து உலகக் கோப்பையின்போது ஓட்டலில்கூட மது கிடையாது என்று பிரிட்டனுக்கான சவூதி தூதர் 2025-இல் சொன்னார் இல்லையா, அதையொட்டி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2022-இல் கத்தாரில், பட்வைசர் என்ற பீர் நிறுவனமே ஸ்பான்சராக இருந்தும், போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது மைதான வளாகத்தில் பீர் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பெரும்பணம் கட்டியவர்களின் விஐபி பகுதியில் மட்டும் மதுவுக்குத் தடையில்லை (இந்த ஓரவஞ்சனைதான் எனக்கு உறுத்துகிறது). வெளியே ரசிகர் திருவிழாவில் (ரசிகர்கள் பெரிய திரையில் போட்டி பார்க்கக் கூடும் இடம்) மாலை 7 மணிக்கு மேல் பீர் விற்றார்கள், அரை லிட்டர் 50 ரியால்.

சரி, இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். சாதாரண டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தோடு போன பெண்கள், கூட்டம் எப்படி இருந்தது, வேறு ஊர் மைதானங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்ததா என்று கமெண்டிலோ இன்பாக்ஸிலோ சொல்லுங்களேன். பெயர் போட மாட்டேன்.