கழுத்து, தோள்பட்டை வலிக்கு எந்த வகை மசாஜ் பொருந்தும்?

மேசைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து கணக்குப் பணி செய்பவன். சில மாதங்களாக வலப்பக்கக் கழுத்தின் அடியிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை ஒரு பிடிப்பு விடாமல் இருந்துவருகிறது. மாலையானால் அது காதுக்குப் பின்புறமாக ஏறி, நெற்றிப்பொட்டில் தலைவலியாக வந்து நிற்கிறது. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, எலும்பிலும் நரம்பிலும் கோளாறு எதுவும் இல்லை, இது தசை சார்ந்த வலிதான் என்றும், உடற்பயிற்சியோடு சேர்த்து விருப்பமிருந்தால் மசாஜும் செய்துகொள்ளலாம் என்றும் கூறினார்.

எந்த மசாஜ் என்று தேடத் தொடங்கியதும் தலை சுற்றிவிட்டது. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, டிரிகர் பாயிண்ட், ஷியாட்சு, தாய் மசாஜ், ரோல்ஃபிங், ரிஃப்ளெக்ஸாலஜி என்று ஒவ்வொன்றும் எல்லா வலிக்கும் தானே மருந்து என்கிறது. இவற்றுக்கு இடையே உண்மையில் என்ன வேறுபாடு? வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பிடிப்பு விடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்களே, அது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். அதன்பின் அந்தப் பக்கக் கை வீங்கியே இருக்கிறது. நான் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று கையை நன்றாகப் பிடித்துவிடச் சொல்லலாமா?

கைவினைஞர்:

வணக்கம். நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிபவன். தாயாரைப் பற்றிய கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் பதிலளிக்கும்வரை அந்தக் கையை யாரும் அழுத்திப் பிசைய வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர்ப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கைகள் செய்யும் வேலைகள் சிலவே: நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிரச் செய்வது, ஓரிடத்தில் அழுத்தி நிறுத்துவது, மூட்டை அசைத்து இழுப்பது. இவற்றில் முதல் ஐந்தின் தொகுப்புதான் ஸ்வீடிஷ் மசாஜ். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கிய பெர் ஹென்றிக் லிங் என்பவரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் முதன்மையாகக் கற்பித்தது உடற்பயிற்சி. ஐந்து கைவகைகளையும் ஒழுங்குபடுத்தியவர் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் என்றே பலரும் கருதுகிறார்கள். சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணமும் தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று தொடங்கி ஒன்பது கைவகைகளைக் கூறுகிறது. மனித உடலின் மேல் மனிதக் கை செய்யக்கூடியவை எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை.

டீப் டிஷ்யூ என்பது அதே கைவகைகளை எண்ணெயைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, விரல்முட்டியாலும் முன்கையாலும் முழங்கையாலும் செய்வது. இதில் ஆழம் என்பது வேகத்தைப் பொறுத்தது. முழங்கையை மெதுவாக இறக்கி, கீழேயுள்ள தசை இளகும்வரை காத்திருந்து, அதன்பிறகு நகர்த்துபவர் தேர்ந்தவர். அவசரமாக இடித்து அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகும். செய்பவர் அந்த இறுக்கத்தைப் பிடிப்பு என்று எண்ணி இன்னும் பலமாக அழுத்துவார்.

நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு நெருங்கி வருவது டிரிகர் பாயிண்ட் முறை. அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து எந்தத் தசையின் எந்தப் புள்ளியை அழுத்தினால் வலி எங்கே தெரியும் என்பதைப் படங்களாகத் தொகுத்து 1983இல் வெளியிட்டார். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இரு விரல்களால் கிள்ளிப் பிடிக்கும்படி ஒரு தசை இருக்கிறதல்லவா, அதன் மேல்விளிம்பில் நன்றாக அழுத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஏறிக் காதுக்குப் பின்னும் நெற்றிப்பொட்டிலும் வலி தெரிந்தால், உங்கள் மாலைநேரத் தலைவலியின் வேர் அங்கே இருக்க வாய்ப்புண்டு. அந்த இடத்தைத் தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தி, வலி மெல்ல அடங்கும்வரை பிடித்திருந்து விடுவதே இந்த முறையின் சாரம். இத்தகைய புள்ளிகளைத் தொட்டுக் கண்டுபிடிப்பதில் இரண்டு வல்லுநர்கள் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனவே சுவரில் தொங்கும் படத்தைவிட, உங்களிடம் கேட்டுக் கேட்டு அழுத்துபவரை நம்புங்கள்.

ஷியாட்சு, தாய் மசாஜ் இரண்டும் ஆடையைக் களையாமல், எண்ணெய் இல்லாமல் செய்யப்படுபவை. முன்னது கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் நிதானமாக அழுத்துவது. ஜப்பானிய அரசு 1964இல் அதைத் தனி முறையாக ஏற்றுக்கொண்டது. பின்னதில் தரையில் விரித்த மெத்தையில் உங்களைக் கிடத்திக் கை, கால், இடுப்பு அனைத்தையும் இழுத்து வளைப்பார்கள். 2019இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்ப் பிசுக்கோ ஆடை களைவதோ பிடிக்காதவர்களுக்கு இவை ஏற்றவை. கழுத்தைத் திடீரென்று திருகி ஒலி எழுப்பும் பழக்கம் உள்ளவரிடம் மட்டும், எந்த முறையானாலும், அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் தமனி கிழிவது அரிதாகவே நேர்கிறது. நேர்ந்தால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடும்.

ரோல்ஃபிங் என்பது உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐடா ரோல்ஃப் வகுத்த, பத்து அமர்வுகள் கொண்ட ஒரு தொடர். தசையைப் போர்த்தியிருக்கும் திசுப்படலத்தைச் சீரமைத்து உடலின் நிலையையே மாற்றுவதாகக் கூறுகிறார்கள். செய்துகொண்டவர்களில் பலர் உடல் இலகுவானதாகச் சொல்கிறார்கள். ஆனால் தடித்த திசுப்படலத்தின் வடிவத்தைக் கைவிசை நிலையாக மாற்றிவிடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உள்ளங்காலின் புள்ளிகளை அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜி பாதத்திற்கு இதமானது. உள்ளங்காலில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடம் குறித்துக் காட்டும் வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

நிணநீர்ச் செவிலி:

தாயாரின் கை பற்றி எழுதுகிறேன். வீங்கிய கையை நன்றாகப் பிடித்துவிடச் சொல்வது கூடவே கூடாது. கணுக்களை அகற்றியதால் வடிய வழியின்றித் தேங்கிய நிணநீரே அந்த வீக்கம். பலமாகப் பிசைந்தால் அது கூடலாம்.

அவருக்கெனத் தனியாக ஒரு முறை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடர், எஸ்டிரிட் வாடர் தம்பதியர் 1930களில் உருவாக்கிய கைவழி நிணநீர் வடிப்பு என்பது அது. பார்ப்பவருக்கு மசாஜ் நடக்கிறதா என்றே ஐயம் வரும். எண்ணெய் கிடையாது, உள்ளங்கையைத் தோலின் மேல் பட்டும் படாமலும் வைத்து, தோலை மட்டும் மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்தி விட்டுவிடுவார்கள். நிணநீர் நாளங்கள் பல தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் அதற்கு மேல் விசை தேவையில்லை. வீங்கிய கையில் தொடங்குவதும் இல்லை. முதலில் கழுத்து, பிறகு அறுவை நடக்காத பக்கத்து அக்குள், பிறகு மார்பு என்று வடிய வேண்டிய இடங்களைத் தயார்ப்படுத்திவிட்டு, கடைசியாகவே கைக்கு வருவார்கள். கையிலும் தோள் பக்கம் தொடங்கி விரல் பக்கம் இறங்குவார்கள். இத்துடன் அடுக்குக் கட்டு அல்லது அழுத்த உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவையும் சேர்ந்ததுதான் முழுச் சிகிச்சை. வடிப்பு மட்டும் செய்துவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்பினால் வீக்கம் திரும்பிவிடும்.

எனவே தாயாரை மசாஜ் நிலையத்திற்கு அழைத்துச் செல்லாமல், அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டு நிணநீர் வீக்கத்திற்கென்றே பயிற்சி பெற்றவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கை திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது நோய்த்தொற்று. எந்த வடிப்புக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சான்று கேட்பவன்:

வகைகளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசும்போது, ஆய்வுகள் கூறுவதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 401 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு உடலை ஆராய்ந்து குறிப்பிட்ட திசுக்களில் செய்யும் மசாஜும், மற்றொரு குழுவுக்கு வெறும் தளர்வுக்கான மசாஜும் பத்து வாரங்கள் அளிக்கப்பட்டன. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மசாஜ் பெற்ற இரு குழுக்களும் மூன்றாவதைவிடத் தெளிவாக மேம்பட்டன. அந்த இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதற்காக மிகையாகவும் நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் முதுகுவலி ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்து, பயன் பெரும்பாலும் குறுகிய காலத்திற்கே என்றும் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்றும் முடிவு கூறியது.

கழுத்துவலிக்கு எந்த வகை என்பதைவிட எவ்வளவு என்பதே முதன்மையானது போலும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்திற்கு இரண்டு மூன்று முறை 60 நிமிட அமர்வுகள் பெற்றவர்களுக்குப் பயன் தெரிந்தது. 30 நிமிட அமர்வுகள் பெற்றவர்களின் நிலை, மசாஜ் எதுவும் பெறாமல் காத்திருந்தவர்களின் நிலையைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. ஆகவே அரைமணி நேரச் சலுகைகளைக் கண்டு மயங்காதீர்கள்.

மசாஜ் நச்சுகளை வெளியேற்றும், லாக்டிக் அமிலத்தைக் கரைக்கும் என்று எழுதி வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட்டை, அதாவது அவர்கள் லாக்டிக் அமிலம் என்று சொல்வதை, ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் உடலே அகற்றிவிடுகிறது; மறுநாள் வலிக்கு அது காரணமும் அன்று. தொடுதலால் நரம்பு மண்டலம் அமைதியடைவதும், வலியை உணரும் அளவு சற்றுக் குறைவதும், உறக்கம் மேம்படுவதுமே போதுமான பயன்கள். பொய்யைச் சேர்த்து விற்க வேண்டிய தேவை என்ன?

மேசைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. தாயாரின் மருத்துவரிடம் நாளையே பேசுகிறேன். எனக்கு ஸ்வீடிஷ் முறையில் 60 நிமிடம், அதற்குள் தோள்பட்டையில் டிரிகர் பாயிண்ட் அழுத்தமும் செய்யச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். உள்ளே சென்றதும் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்? அழுத்தம் அளவோடு இருக்கிறது என்பதை நான் எப்படி அறிவது?

கைவினைஞர்:

நல்ல தேர்வு. படுப்பதற்கு முன்பே நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்லிவிடுங்கள். குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு ஆழ அழுத்தினால் கன்றிப்போகும். உங்களிடம் எதுவுமே கேட்காமல் வேலையைத் தொடங்குபவராக இருந்தால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. காய்ச்சல், தோல் தொற்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது ஆகியவை இருக்கும் நாளில் மசாஜே கூடாது; கடைசியாகச் சொன்னது காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

அழுத்தத்தை 0 முதல் 10 வரை எண்ணிச் சொல்லும் வழக்கம் உண்டு. 5, 6 என்ற அளவில், ஆழ்ந்து மூச்சுவிட முடிகிற, விரும்பத்தக்க வலியாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ, பல்லைக் கடித்தாலோ, கால்விரல்கள் மடங்கினாலோ நீங்கள் வாயால் என்ன எண்ணைச் சொன்னாலும் அது மிகுதி. உடனே குறைக்கச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில், நாடித்துடிப்பு தெரியும் இடத்தில் யாரையும் அழுத்த விடாதீர்கள்.

மறுநாள் இலேசான வலி இருப்பது இயல்பு. அது இரண்டு நாளில் அடங்கிவிடும். கையில் மரத்துப்போதல், மின்னதிர்வு போன்ற உணர்வு, பிடிமானம் குறைதல் ஆகியவை தோன்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள். நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் மாலைநேரத் தலைவலியில் மாற்றமில்லை என்றால் வேறு பெயருள்ள மசாஜைத் தேட வேண்டாம். திரையின் உயரத்தையும் நாற்காலியின் கைப்பிடியையும் சரிபார்த்துவிட்டு, மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறீர்களா என்பதை இங்கே எழுதுங்கள். அதிலிருந்து தொடர்ந்து பேசலாம்.