ஒரே பூசைக்கு வருகிறவர்கள்: உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாம்பனிலிருந்து:

எங்கள் வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் பாசி எடுப்பவர்கள். தீவுகளை ஒட்டிய பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிடுங்க வேண்டும். விரலில் துணிக்கந்தல் சுற்றிக்கொண்டு போனாலும் பார் கிழித்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு வனத்துறை பிடிக்குமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கடலை அழிப்பது இந்தப் பெண்கள்தான் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மாதத்தில் 12 நாள்தான் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டவர்கள் இவர்கள். பாசிப் பெண்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற உலக விருதே கிடைத்தது.

நான் சொல்ல வந்தது கரைக்கு வந்த பிறகு நடப்பதை. காயவைத்த பாசியை வியாபாரி எடை போடும்போது மணல், ஈரம் என்று ஒரு கழிவு கழிப்பார். எவ்வளவு கழிவு என்பது அவர் கண் பார்வைதான். பிள்ளைக்கு ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு ஆளிடம் கொண்டுபோகவும் முடியாது. எங்கள் வியாபாரியும் எங்கள் பங்குக்காரர்தான், அதே மாதா கோயிலுக்கு வருகிறவர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலக் காணிக்கையில் அவர் கவர்தான் எப்போதும் கனமாக இருக்கும்.

ஒரு தவக்காலத்தில் அன்பியக் கூட்டம், பக்கத்து வீட்டார் சேர்ந்து வேதம் வாசித்து ஜெபிக்கும் கூட்டம், எங்கள் தெருவில் நடந்தது. யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரம் வாசித்தோம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவர் காதுக்கு எட்டிவிட்டது என்று வருமே, அந்தப் பகுதி. வாசித்து முடித்ததும் வழக்கம்போல மன்றாட்டுக்குப் போயிருப்போம். ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "அறுவடைன்னா வயல்ல மட்டுந்தானா சாமி? நாங்க கடல்ல அறுக்குறது இதுல சேராதா? எங்க பாசியில கழிக்கிற அஞ்சு கிலோ, ஆறு கிலோ கத்தாதா?"

வியாபாரியின் மனைவி அங்கேயே பாயில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பங்குச் சாமியார் நினைத்திருந்தால் பொறுமை, சமாதானம் என்று பேசி மழுப்பியிருக்கலாம். "சேரும் பாட்டி" என்றார். அப்புறம், "எடை எப்படிப் போடுறாங்கன்னு எனக்கு முதல்ல சொல்லுங்க" என்று ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நான் பார்த்ததிலேயே நல்ல ஜெபக் கூட்டம் அதுதான்.

பெண்கள் காசு போட்டு ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கினார்கள். வீட்டிலேயே மணலை உதறி, எடை போட்டு, நோட்டில் எழுதி, அதன் பிறகுதான் சாக்கு வெளியே போகும். வியாபாரிக்குக் கடுங்கோபம். சில வாரம் கோயில் பக்கமே வரவில்லை, பாசியும் வாங்கவில்லை. அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். கடைசியில் எடைக்குச் சம்மதித்தார். விலை ஏறவில்லை, முன்பணக் கணக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கழிவு போன இடம் தெரியவில்லை. அவர் காணிக்கை குறைந்துவிட்டது என்று பங்குப் பேரவையில் ஒருவர் வருத்தப்பட்டாராம். குறையட்டும். உழைத்தவளுக்குச் சேர வேண்டியதை எடுத்து ஆண்டவருக்குக் கொடுத்தால் அது காணிக்கை ஆகுமா?

உங்கள் பக்கமும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

திருவாடானைப் பக்கமிருந்து:

அக்கா, உங்களுக்குத் தராசு. எங்களுக்குச் சப்பரம்.

ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாச் சப்பரம் எல்லாத் தெருவும் சுற்றும், தாழ்த்தப்பட்டவர்கள் இருக்கும் எங்கள் தெரு முனையில் மட்டும் திரும்பிவிடும். மாலை கட்டுவது, கொட்டகை போடுவது எங்கள் ஆட்கள். வரியும் கட்டுகிறோம். இங்கிருந்து ஓரியூர் பக்கம்தான். அங்கே 1693-ல் தலை வெட்டுப்பட்ட புனிதர் அருளானந்தர், வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியார், தாழ்த்தப்பட்டவர்களோடும் பழக வேண்டும் என்பதால் பண்டாரசாமி என்ற உள்ளூர்த் துறவிக் கோலத்தில் வாழ்ந்தவர். அவர் ரத்தம் விழுந்த செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறவர்கள், எங்கள் தெரு மண்ணை மிதிக்க மாட்டார்கள்.

அரசாங்கத்திடம் போனாலும் வேறு கதை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருந்தால் பட்டியல் சாதி கிடையாது. சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், நாங்கள் இன்னும் வெளியே. வேதத்தில் சேர்ந்தால் சாதி இல்லை என்கிறது சட்டம். தெரு முனையில் திரும்பும் சப்பரத்தை அந்தச் சட்டம் பார்த்ததில்லை.

போன முறை புதிதாக வந்த சாமியார், எல்லாத் தெருவுக்கும் போகாவிட்டால் சப்பரம் கோயிலை விட்டு இறங்காது என்று சொல்லிவிட்டார். சொன்னபடி இறங்கவும் இல்லை. திருவிழாவே கெட்டுப்போனது என்று எங்களைத்தான் ஏசினார்கள். அம்மாவுக்கு அழுகை. ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு தெருப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் நான். இலங்கைக் கடற்படை பிடித்து யாழ்ப்பாணம் சிறையில் கிடந்தேன். அங்கே 2018-ல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைக் கடுமையாக்கிய பிறகு, பிடிபட்டால் படகு திரும்புவதே பெரும்பாடு. அதனால் முதலாளியையும் நான் திட்ட மாட்டேன். அவருக்கும் கழுத்தளவு கடன். ஆனால் என் மனைவி போய்க் கேட்டபோது, நான் கடைசியாகப் போன இரண்டு பயணத்தின் கூலிப் பாக்கியைக்கூட அவர் தரவில்லை.

அந்த நேரத்தில் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் பாய். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு எங்களோடு வந்து நிற்கிறவர். திரும்பி வந்து நன்றி சொன்னதற்கு, "இதுக்கெல்லாம் நன்றி சொல்லாத மச்சான், போய் உன் கூலியைக் கேளு" என்றார். நானும் அன்பியத்தில் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். முதலாளி என் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால்தான் நாக்கு எழவில்லை.

பாம்பனிலிருந்து:

தங்கச்சிமடம் அண்ணன், கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களோடு அந்தப் படகில் போனவர்களுக்கும் பாக்கி இருக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பயணம், யார் யார் போனது, எவ்வளவு பேசியது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் பெண்களுக்கு அந்த நோட்டுதான் கை கொடுத்தது. சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தருகிற தினப்படி முழு நாட்களுக்கும் வந்ததா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் பாருங்கள். ஞானத்தகப்பன் என்பதற்காக விட வேண்டாம். உங்கள் மகளுக்காகத் திருமுழுக்குத் தொட்டியருகே நின்று வாக்குக் கொடுத்தவர் அவர், அந்த உரிமையில் கேளுங்கள்.

திருவாடானைத் தம்பி, பேச்சுவார்த்தை எந்த நாள் என்று முடிவானதும் இங்கே போடுங்கள். எங்கள் அன்பியத்திலிருந்து சிலர் வந்து உங்கள் தெருப் பக்கம் உட்காரத் தயாராக இருக்கிறோம்.