18 அடி பைபர் படகு, இடுப்புக்குக் கீழே தண்ணீர்: 9.9 போதுமா, 15ஆ, 25ஆ?

நண்டுவலை

சேதுபாவாசத்திரம் பக்கம் நண்டு வலைக்கு 18 அடி பைபர் படகு. எஞ்சின் எத்தனை எச்.பி. வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

படகு மட்டும் 250 கிலோ. ஆள் இரண்டு பேர். வலை, ஐஸ், நண்டு எல்லாம் சேர்த்து 120 கிலோ வரும். கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு வத்தத்தில் (கடல் நீர் இறங்கும்போது) முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ்தான் தண்ணீர். அடியில் சேறு, நிறைய தாழை (கடல்புல்). அதைத் தாண்டினால் ஒன்றரை, இரண்டு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). வலை போடும் இடம் கரையிலிருந்து 8 கி.மீ.

கடையில் 25 வாங்கச் சொல்கிறார்கள், சீக்கிரம் போய் வரலாமாம். படகு கட்டியவர் 9.9 போதும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணே.

ஆழம்பார்

முதலில் எடையைக் கூட்டுங்கள் தம்பி. படகு 250, ஆட்கள் 130, சாமான் 120, எஞ்சினும் எண்ணெயும் 65. ஆக 565 கிலோ. இந்த வகைப் படகு தண்ணீரை வெட்டாமல் மேலே ஏறி ஓட வேண்டுமானால், ஒரு எச்.பி.க்கு 18 கிலோவுக்கு மேல் சுமை இருக்கக் கூடாது. 25 எச்.பி.யில் உங்கள் கணக்கு 22 கிலோவுக்கு மேல் போகிறது. வெறும் படகில் ஒருவேளை ஏறும், நண்டோடு திரும்பும்போது ஏறாது. பாதி ஏறி, பின்பக்கம் அழுந்தி, அணியம் (முன்பக்கம்) வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும். எண்ணெய் அதிகமாகக் குடிப்பதும் அந்த நிலையில்தான். உண்மையிலேயே ஏற்ற வேண்டுமானால் 40 வேண்டும். முழங்கால் தண்ணீரில் 40 எதற்கு?

ஏறாமல் ஓடும் படகுக்கு நீளம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். தண்ணீரைத் தொடும் நீளம் பதினாறரை அடி என்றால் உச்ச வேகம் மணிக்கு 10 கி.மீ. அளவு. அதற்கு 9.9 எச்.பி.யே தாராளம். மேலே கொடுக்கும் ஒவ்வொரு எச்.பி.யும் அலையாகத்தான் போகும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆழம் குறைந்தால் இந்த உச்சமும் குறையும். படகு எழுப்பும் அலை, தண்ணீரின் ஆழம் விடும் வேகத்துக்கு மேல் ஓட முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை மணிக்கு 11 கி.மீ.; 60 செ.மீ.யில் 8.7; 40 செ.மீ.யில் 7 கி.மீ. மட்டுமே. எல்லையில் முக்கால் பங்கைத் தொடும்போதே பின்பக்கம் கீழே உட்காரத் தொடங்கும், புரொப்பெல்லர் சேற்றைக் கிளறும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் உட்காரும். 60 செ.மீ. தண்ணீரில் மணிக்கு 5, 6 கி.மீ.க்கு மேல் முயற்சி செய்யாதீர்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு 15 நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

எடையும் சேர்ந்து அடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் 25 என்றால் 57 முதல் 63 கிலோ. 15 என்றால் 44 முதல் 52. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் 20 கிலோ கூடினால் உங்கள் அளவுப் படகில் அந்த முனை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே போகும்.

என் முடிவு 15. 9.9 போதும் என்று மேலே சொன்னது அமைதியான கடலுக்கு. வாடை எதிரே அடிக்கும்போது, சுமையோடு 8 கி.மீ. திரும்ப, கையில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். 9.9, 15 இரண்டுமே ஒரே பிளாக்கில் (எஞ்சின் உடலில்) வரும் மாடல்கள் உண்டு. சுசுகியில் 9.9பி, 15ஏ, 20ஏ மூன்றும் 327 சி.சி. யமஹா டூ ஸ்ட்ரோக்கில் 9.9, 15 இரண்டும் 246 சி.சி. அப்படிப்பட்ட இடத்தில் 9.9 வாங்கி எடையில் எதுவும் மிச்சமாகாது. சின்ன பிளாக் 9.9 என்றால் 208, 212 சி.சி., எடை 40 கிலோ. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த எடைக்காகவே தேர்ந்தெடுங்கள்.

வாடைக்காத்து

யாழ்ப்பாணத்தில பரவைக்கடலும் (ஆழமில்லாத கடல்) இதே மாதிரித்தான், தாழையும் சேறும். 18, 19 அடி போட்டுக்கு 15 பூட்டுறதை நானும் ஆதரிக்கிறன். ஆனா டூ ஸ்ட்ரோக்கை ஏன் விட்டிட்டியள்? 15 குதிரை வலு, 36 கிலோ அளவுதான். வத்தின இடத்தில ஒருத்தர் தனியத் தூக்கிச் சரிக்கலாம். கழட்டித் தோளில கொண்டு போகலாம்.

மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சின் எண்டால் ஒண்டைக் கவனியுங்கோ. பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்த வேணும். கரைக்கு வந்து நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி, காபரேற்றரில கிடக்கிற மண்ணெண்ணெய் முடியுமட்டும் ஓட விடுங்கோ. இல்லாட்டி அடுத்த நாள் காலமை கயிறு இழுத்தே களைச்சுப் போவியள். ஆழமில்லாத இடத்தில மெதுவா கனநேரம் ஓடினா மண்ணெண்ணெயில பிளக் கரி பிடிக்கும். அந்த ஒன்றரைக் கிலோமீற்றரைப் பெற்றோலில ஓடுங்கோ. ஒரு சோடி பிளக்கும் பிளக் சாவியும் எப்பவும் போட்டில இருக்க வேணும்.

நண்டுவலை

15 என்று முடிவு செய்துவிட்டேன். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடிவரை அளந்தால் 16 அங்குலம். கடையில் லாங் ஷாஃப்ட்தான் (கால் நீளமான எஞ்சின்) கையிருப்பில் இருக்கிறது, அதையே எடுத்தால் அலையில் நல்லது என்கிறார்கள். எடுக்கலாமா?

ஆழம்பார்

வேண்டாம். காத்திருந்து ஷார்ட் ஷாஃப்டையே வாங்குங்கள். ஷார்ட் 15 அங்குலம், லாங் 20 அங்குலம். உங்கள் பலகையில் லாங் மாட்டினால் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. வீணாகக் கீழே தொங்கும். சுமையோடு படகு 20 செ.மீ. அழுந்தும், அதன் அடிக்குக் கீழே ஷார்ட் எஞ்சினே 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ஆக 50 செ.மீ., உங்கள் முழங்கால் அளவு. இன்னொரு 10 செ.மீ.க்கு அங்கே இடம் ஏது?

புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடியோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும். கீழே இறங்கியிருந்தால் பலகை மேல் மரக்கட்டை வைத்து, ஒரு தடவைக்கு 1 செ.மீ. வீதம் ஏற்றிப் பாருங்கள். திரும்பும்போது எஞ்சின் திடீரென்று கத்தினால் காற்றை இழுக்கிறது, ஒரு படி இறக்குங்கள். பக்கவாட்டில் பீய்ச்சும் குளிர்விக்கும் தண்ணீர் குறையவே கூடாது.

ஆழமில்லாத இடத்துக்கென்று எஞ்சினைச் சற்று தூக்கி நிறுத்தும் நிலை ஒன்று உண்டு. அதில் மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும், தண்ணீர் இழுக்கும் துளை மூழ்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் ரிவர்ஸ் பூட்டு பிடிக்காது. வேகமாகப் பின்னே எடுத்தால் எஞ்சின் எகிறி மேலே வரும். சாய்ந்த எஞ்சின் பின்பக்கத்தை அழுத்தும் என்பதால் ஐஸ் பெட்டியையும் ஒரு ஆளையும் முன்னே நகர்த்துங்கள்.

பிட்ச்பார்த்தவன்

எச்.பி.யைப் பேசிய அளவுக்கு யாரும் புரொப்பெல்லரைப் பேசவில்லை. பெட்டியோடு வருவது பெரும்பாலும் சுமையில்லாத படகுக்கானது. முழுச் சுமையோடு, ஆழமான இடத்தில் முழு வேகம் கொடுத்து ஆர்.பி.எம். பாருங்கள். கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று போட்டிருந்தால் 5,500க்கு மேல் போக வேண்டும். 4,700இல் முனகிக்கொண்டு நின்றால் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அங்குலத்தில்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150, 200 சுற்று கூடும். உங்கள் படகுக்கு 7 அல்லது 8 பிட்ச், அலுமினியம். ஸ்டீல் வேண்டாம், அடிபட்டால் அது வளையாமல் அடியை கியருக்கு அனுப்பிவிடும்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். புரொப்பெல்லர் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கும். புரொப்பெல்லரிலும் ஷாஃப்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு விலகியதும் தெரிந்துவிடும்.

நண்டு வலைக்காரர்களுக்கு முக்கியமானது இது. அறுந்த வலை நரம்பு (நைலான் இழை) புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி ஆயில் சீலை வெட்டும். வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, நரம்பை எடுத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கியர் ஆயில் பால் மாதிரி வந்தால் சீல் போய்விட்டது, அன்றைக்கே மாற்ற வேண்டும். புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேல் திருகையும் பிறகு கீழ்த் திருகையும் மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கும். குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரைச் சேறு அரிக்கும், ஆண்டுக்கு ஒன்று கணக்கு வையுங்கள். கரைக்கு வந்ததும் 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட விடுங்கள்.

தாழை சுற்றினால் நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து, தூக்கிக் கையால் எடுங்கள். முறுக்கி அறுக்கப் பார்த்தால் தண்ணீர்த் துளையும் அடைத்து எஞ்சின் சூடாகும். முழங்கால் ஆழத் தாழையில் கம்பு ஊன்றிப் போவதே சரி. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கி.மீ. கடல்பசுவுக்காக 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்தத் தாழைக்காகத்தான். உங்கள் நண்டுக்குஞ்சு வளர்வதும் அங்கேதான். புரொப்பெல்லர் வேரோடு கிழித்த கோட்டில் தாழை மறுபடி படர ஆண்டுக் கணக்கில் ஆகும்.